மிதக்காத அரியதரம்

நான் சமைத்தவற்றுள் ஆகப் புகழ்பெற்றது ஒரு சீனி அரியதரம், எங்கள் ஊர்க் கலியாணப் பலகாரம். அதை இன்றுவரை ஒருவரும் சாப்பிடவில்லை. இனிமேல் சாப்பிடவும் முடியாது, பல் போய்விடும்.

ரொறன்ரோவில் பல வருடங்கள் தொலைக்காட்சியில் சமைத்துக் காட்டினேன். கடையில் மிளகாய்த்தூள் வாங்கப் போனால்கூட யாராவது பக்கத்தில் வந்து நின்று படம் எடுப்பார்கள். பிறகு என் கூடைக்குள் எட்டிப் பார்த்து, “நீங்களும் கடைத்தூள்தானோ அக்கா?” என்று கேட்டு மானத்தை வாங்குவார்கள். போதுமடா சாமி என்று சென்ற வருடம் நிறுத்திக்கொண்டேன். என்னோடு வேலை செய்த இளம் ஆட்கள் ஒரு பிரியாவிடை விருந்து வைத்தார்கள். அங்கேதான் ஒரு பிள்ளை கேட்டாள்: “அக்கா, உங்கடை வாழ்க்கையிலை ஆகத் திறமான சமையல் எது?”

ஒடியல் கூழ் என்று சொல்வேன் என எதிர்பார்த்திருப்பார்கள். இவர்கள் உப்பையும் மின்தராசில் நிறுத்துப் போடுகிறவர்கள். நிறுக்கட்டும், நான் குறை சொல்லவில்லை. ஆனால் எந்தத் தராசிலும் வைக்க முடியாத சங்கதி ஒன்று சமையலில் இருக்கிறது. ஒரு சட்டிக்குள் எத்தனை பேருடைய கை போயிருக்கிறது என்பதுதான் அது. நெருப்பால் கெட்டுப்போன சமையலைவிட, எல்லோரும் நல்லது செய்ய வெளிக்கிட்டுக் கெட்டுப்போன சமையலைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அதனால் அவர்களுக்கு அந்த அரியதரத்தின் கதையைச் சொன்னேன்.

எண்பத்து மூன்றுக் கலவரத்தில் கொழும்பில் என் கணவரின் கடை எரிந்தது. கப்பலேறி வந்து காங்கேசன்துறையில் இறங்கி, கொக்குவிலில் அவருடைய தமக்கையார் வளவுக்குள் ஒரு சின்ன வீட்டில் குடியேறினோம். எனக்கென்று ஒரு தொழிலும் கையில் இல்லை. வாய் மட்டும் இருந்தது. அதை வைத்துக்கொண்டு அன்னம் அக்காவின் பலகாரக் கூட்டத்தில் போய்ச் சேர்ந்தேன். அன்னம் அக்கா நாலைந்து பெண்களைக் கூட்டிக்கொண்டு கலியாண வீடுகளுக்குப் போய்ப் பலகாரம் சுட்டுக் கொடுப்பவர். முதல் இரண்டு வருடம் மா அரித்தேன். அடுத்த இரண்டு வருடமும் மா அரித்தேன். அதற்குப் பிறகுதான் எண்ணெய்த் தாச்சிக்குக் கிட்டப் போக அனுமதி கிடைத்தது. பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது.

அன்னம் அக்காவைப் பற்றிச் சொல்லத்தான் நிறைய இருக்கிறது. அடுப்புக்கு முன்னால் பலகையைப் போட்டு இருந்தாரென்றால், வேலை முடியும்வரை எழும்பமாட்டார். கொண்டைக்குள் எப்போதும் ஒரு ஈர்க்குச் செருகியிருக்கும். அதை இழுத்து எண்ணெய்க்குள் நுனியை விடுவார். ஈர்க்கைச் சுற்றிக் குமிழி எப்படி வருகிறது என்று பார்த்துவிட்டு, விறகை இழு அல்லது தள்ளு என்று கண்ணால் சொல்லுவார். பிறகு ஈர்க்கைச் சேலையில் துடைத்துக் கொண்டைக்குள்ளேயே திரும்பவும் வைப்பார். பலகாரம் நன்றாக வந்திருந்தால் ஒரு சொல்லும் சொல்லமாட்டார். ஒன்றை எடுத்துத் தின்றுவிட்டுத் தேத்தண்ணி கேட்பார். பிழை வந்திருந்தால் மட்டும் வாய் திறப்பார். “நல்லா வந்திருக்குப் பிள்ளை,” என்பார். நாங்கள் பல்லைக் காட்டும்வரை பொறுத்திருந்து, “கோழிக்குப் போடலாம்,” என்று முடிப்பார்.

கலியாண வீட்டு அடுப்படியில் “இல்லை”, “முடிஞ்சுது” என்ற சொற்களை அவர் அனுமதிக்கமாட்டார். எண்ணெய் தீர்ந்தால் “எண்ணெய் நிறைஞ்சு போச்சு” என்றுதான் சொல்ல வேண்டும். பொருளாதாரத் தடை வந்ததும் இது பெரிய பகிடியாகிவிட்டது. சீனி நிறைந்து போனது, மண்ணெண்ணெய் நிறைந்து போனது, சவர்க்காரம் நிறைந்து போனது. அந்த வருடங்களில் யாழ்ப்பாணத்தில் எங்களைப் போல நிறைவாக வாழ்ந்தவர்கள் இல்லை.

குண்டு போடுகிற பொம்பர் வந்தால் என்ன செய்வது என்பதற்கும் அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. விமானச் சத்தம் கேட்டவுடன் முதலில் தாச்சியை இறக்க வேண்டும். பிறகு நெருப்பை அணைக்க வேண்டும். அதன்பிறகு மாப்பெட்டி, சீனி, குழைத்த மா எல்லாவற்றையும் ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு பங்கருக்குள், அதாவது பதுங்குகுழிக்குள், இறங்க வேண்டும். “அக்கா, உயிர் போகப் போகுது!” என்று ஒரு நாள் கத்தினேன். “உயிர் போனால் உனக்கு மட்டும்தான் நட்டம். சீனி போனால் கலியாணமே நிண்டுபோம். தூக்கடி!” என்றார்.

இனி அரியதரத்துக்கு வருகிறேன். பச்சையரிசியை ஊறவைத்து, வடித்து, ஈரம் காயமுன் இடித்து அரிக்க வேண்டும். அந்த ஈரமாவோடு சீனியைப் போட்டுக் குழைத்தால், சீனி தானாகவே இளகி மாவைச் சேர்த்துக்கொள்ளும். தண்ணீர் ஒரு சொட்டும் விடக் கூடாது. ஒரு நாள் ஊறவிட்டு, அடுத்த நாள் பதம் பார்த்து, வறுத்த ரவை கொஞ்சம் தூவித் தேசிக்காய் அளவில் உருட்டிப் பொரிக்க வேண்டும். சீனி கூடினால் உருண்டை எண்ணெய்க்குள் பிரிந்து கரைந்துபோகும். மா கூடினால் கல். இரண்டுக்கும் நடுவில், மேலே மெல்லிதாக வெடித்து, உள்ளே இளக்கமாக வருவதுதான் அரியதரம். வெடிக்காத அரியதரத்தை நான் மதிப்பதே இல்லை.

ஆனால் கலியாண வீட்டுப் பெண்களுக்கு வேறு கணக்கு. பலகாரம் சுடத் தொடங்கும் நாளில் நல்ல நேரம் பார்த்து, பெண்ணின் பெயரைச் சொல்லி முதல் உருண்டையை எண்ணெய்க்குள் விடுவார்கள். அது வெடித்தால் பெண் கோபக்காரி. வெடிக்காமல் உருண்டையாகவே மிதந்தால் சாந்தமானவள். பெரும்பாலான வீடுகளில் இது சிரித்துவிட்டு மறந்துபோகிற விளையாட்டு. வாசுகியின் வீட்டில் அப்படி இருக்கவில்லை.

வாசுகி எங்களுக்குப் பக்கத்து வளவுப் பிள்ளை. பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தாள். நல்ல மனம், பொல்லாத வாய். ஒருமுறை நாங்கள் எல்லோரும் சந்திக் கடையொன்றில் சீனிக்கு வரிசையில் நின்றோம். முதலாளி எங்களைப் பார்த்து, எங்கள் பகிடிச் சொல்லாலேயே “நிறைஞ்சு போச்சு” என்று கையை விரித்தார். அதே நேரம் பின்பக்கமாக அவருடைய மைத்துனர் ஒரு மூட்டையைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டிருந்தார். வாசுகி வரிசையை விட்டு முன்னுக்குப் போனாள்.

“ஐயா, சீனி நிறைஞ்சு போச்சு எண்டு சொல்லுறியள். ஓம், உண்மைதான். பின் கதவாலை வழியுது, வந்து பாருங்கோ!”

அதோடு அவள் விடவில்லை. முதலாளி கடையைப் பூட்டிக்கொண்டு உள்ளே ஒளித்த பிறகும் கதவுக்கு வெளியே நின்று பேசினாள். எதிரே, தண்ணீர்ப் பம்பும் மோட்டார் சைக்கிளும் திருத்துகிற பட்டறையிலிருந்து ஒரு ஆள் கையில் நட்டுக் கழற்றுகிற சாவியோடு வெளியே வந்து வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றார். வல்வெட்டித்துறை ஆள், பெயர் சிவம். மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓடவைக்கிற கெட்டிக்காரர். அன்று பின்னேரமே சைக்கிளில் ஊருக்குப் போய், “கட்டினால் அந்த ரீச்சரைத்தான் கட்டுவன்” என்று தமக்கையிடம் சொல்லிவிட்டார். தாய் இல்லாத அவரை வளர்த்தவர் அந்தத் தமக்கை தவமணிதான்.

சம்பந்தம் பேசி நாளும் வைத்தார்கள். ஆனால் கடைச் சண்டைக் கதை வல்வெட்டித்துறைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. போகிற வழியில் கொஞ்சம் கொழுத்தும்விட்டது. வாசுகி முதலாளியைச் செருப்பால் அடித்தாளாம். அங்கேயுள்ள பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். பலகாரச் சூட்டுக்குத் தாங்களும் வந்து முதல் உருண்டையைப் பார்க்கப் போவதாகச் சொல்லி அனுப்பினார்கள்.

வாசுகி கிணற்றடியில் என்னைப் பிடித்தாள்.

“அக்கா, இதுக்கு முதல் மூண்டு பேர் என்னைப் பார்க்க வந்தவை. மூண்டு பேரும் என்னைக் கொஞ்சம் மெல்லக் கதைக்கச் சொன்னவை. அதிலை ஒண்டு நாள் வைச்ச பிறகு குழம்பினது. இந்த மனிசன் ஒராள்தான் இன்னும் கொஞ்சம் கதையுங்கோ எண்டு கேட்டது.”

“அதுக்கென்ன இப்ப?”

“ஒண்டுமில்லை. உருண்டை வெடிக்கிறதெண்டால் வெடிக்கட்டும். எனக்கென்ன!” என்று சொல்லிவிட்டு, வாளியை டமாரென்று கிணற்றுக்குள் விட்டாள். கண் கலங்கியிருந்தது. அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன். இந்த உருண்டை வெடிக்கக் கூடாது.

அன்னம் அக்காவிடம் சாடையாகக் கதை விட்டுப் பார்த்தேன். “பலகாரத்திலை விளையாடக் கூடாது,” என்று ஒரே வெட்டாக வெட்டினார். “சீனிக்கும் மாவுக்கும் ஆள் பார்க்கத் தெரியாது. வாறது வரட்டும்.” சரி, இந்த மனிசியிடம் சொல்லிப் பயனில்லை என்று விட்டேன். பலகாரச் சூட்டன்று காலை, முதல் உருண்டைக்கென்று ஒரு சின்னச் சட்டியில் தனியாக எடுத்து வைத்திருந்த மாவுக்குள், ஒருவரும் பார்க்காத நேரம் ஒரு பிடி அரிசிமாவைப் போட்டுப் பிசைந்துவிட்டேன். ஒரு பிடி கணக்கான அளவு. வெடிக்காது, கல்லாகவும் போகாது. இதில் எனக்கு அன்றும் வெட்கமில்லை, இன்றும் வெட்கமில்லை.

தவமணி அக்கா வந்தார். நெடிய மனிசி, வெற்றிலை போட்ட வாய், ஊரையே கூப்பிடுகிற குரல். அவரோடு தடித்த கறுப்புச் சட்டக் கண்ணாடி போட்ட கிழவிகள் இரண்டு பேர், மாப்பிள்ளையின் பெரிய தாய்மார். தவமணி அக்கா அடுப்படி வாசலில் நின்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்:

“இஞ்சை பாருங்கோ, எங்கடை வீட்டுக்குக் கோவக்காரி ஒருத்தி காணும், இன்னொருத்தி வேண்டாம். அது நான். உருண்டை வெடிச்சுதோ, பெரியாக்கள் சொன்னபடி இந்தக் கதையை இதோடை விட்டுடுவம். பிறகு எங்களிலை குறை சொல்லாதேங்கோ.”

கிழவிகள் தலையாட்டினார்கள். வாசுகியின் தாய் பரமேஸ்வரி மாமியின் முகத்தில் இரத்தமில்லை. வாசுகி அறைக்குள் இருந்தாள். கதவு முழுதாகச் சாத்தியிருக்கவில்லை. கோதாரியிலே போவாள், வந்ததும் வராததுமாக என்ன பேச்சு என்று நான் தவமணி அக்காவை மனதுக்குள் திட்டினேன்.

தாச்சி சூடேறுகிற நேரம் பார்த்துப் பொம்பர் வந்தது. சட்டப்படி தாச்சியை இறக்கினோம், நெருப்பை அணைத்தோம். அன்னம் அக்கா ரவைச் சட்டியோடு எழும்பினார். நான் சின்னச் சட்டியைப் பரமேஸ்வரி மாமியின் கையில் கொடுத்தேன். மாப்பெட்டியைப் பக்கத்தில் நின்ற தவமணி அக்காவிடம் திணித்தேன். சீனிப்பையை நான் கட்டிப்பிடித்துக்கொண்டேன். எல்லோரும் பங்கருக்குள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தோம். இருட்டு, புழுக்கம். கிழவிகள் முருகனைக் கூப்பிட்டார்கள். “சட்டி பாரமாக் கிடக்கு, ஆராவது பிடியுங்கோ,” என்றார் மாமி. சட்டி கை மாறியது, பிறகும் மாறியது. தூரத்தில் எங்கேயோ குண்டு விழுந்து மண் உதிர்ந்தது. பிறகு சத்தம் ஓய்ந்தது. ஏறி வந்து, தலையில் விழுந்த மண்ணைத் தட்டிவிட்டு, அடுப்பைத் திரும்பவும் மூட்டினோம். நல்ல நேரம் போக இன்னும் கொஞ்சம் இருந்தது.

அன்னம் அக்கா ஈர்க்கை இழுத்து எண்ணெய் பார்த்தார். சின்னச் சட்டிக்குள் கையை விட்டு மாவைத் தொட்டார். ஒரு கரண்டி மா கூடினாலே கையால் கண்டுபிடிக்கிற மனிசி. ஆனால் அன்றைக்கு அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு உருட்டினார். உருட்டுவதற்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது.

“வாசுகி எண்டு சொல்லி விடுங்கோ மாமி,” என்றேன்.

மாமி பெயரைச் சொல்லி, உருண்டையை விட்டார். வழக்கமாகச் சர்ரென்று நுரைக்கும். இது நுரைக்கவில்லை. தாச்சியின் அடியில் போய் டொக்கென்று இருந்தது.

நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம். அது வெடிக்கவில்லை. மிதக்கவுமில்லை. அன்னம் அக்கா கண்ணகப்பையால் ஒரு தட்டுத் தட்டினார். உருண்டு போய்த் திரும்பவும் அதே இடத்துக்கு வந்து நின்றது. என் தொழில் வாழ்க்கையில் எண்ணெய்க்குள் தாழ்ந்த அரியதரத்தை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

“என்ன, உது மேலை வரேல்லை?” என்றார் ஒரு கிழவி.

“அபசகுனமடி,” என்றார் மற்றவர். “அடியிலை தாண்டுபோச்சு. குடும்பம் தாழப் போகுது.”

கதவிடுக்கில் வாசுகியின் முகம் தெரிந்தது. எவ்வளவோ பேசுகிற பிள்ளை, வாயில் சேலைத் தலைப்பை வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள். ஒரு பிடி மாவால் ஒரு பிள்ளையின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேனே என்று நாக்கு ஒட்டிக்கொண்டது. வாய் ஒன்றுதான் என் சொத்து என்று சொன்னேனே, அதுவும் கைவிட்டது.

தவமணி அக்கா குனிந்து தாச்சிக்குள் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

“நங்கூரம்,” என்றார்.

“என்னடி?” என்றார் கிழவி.

“என்னடி எண்டு என்னைக் கேட்கிறியளோ? எங்கடை வீட்டு ஆம்பிளையள் எல்லாம் தோணி ஏறினவங்கள். என்ரை அப்பு, உங்கடை மனிசன், என்ரை மனிசன், ஆராவது ஒருத்தன் ஒரு இடத்திலை நிண்டிருக்கிறானோ? போட்ட இடத்திலை நிக்கிற பொம்பிளை ஒருத்தி எங்கடை வீட்டுக்கு வேணுமோ, வேண்டாமோ? கொதிக்கிற எண்ணெய்க்கை கிடக்குது. வெடிச்சுதோ? சிதறிச்சுதோ? அசையுதோ பாருங்கோ!”

இரண்டு கிழவிகளும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு பார்த்தார்கள். இருவருமே கடலுக்குப் போனவனுக்காகக் கரையில் காத்திருந்தவர்கள்.

“அசையேல்லைத்தான்,” என்றார் மூத்தவர். “நல்ல பாரமான நங்கூரம்,” என்று தானே சேர்த்துக்கொண்டார்.

கலியாணம் நடந்தது. கிழவிகள் ஊருக்குத் திரும்பிப் போய், இப்படி ஒரு குறியைத் தாங்கள் கண்டதுமில்லை கேட்டதுமில்லை என்று வீடு வீடாகச் சொன்னார்களாம்.

அன்று அவர்கள் வெளிக்கிட்ட பிறகு அன்னம் அக்கா என்னைக் கூப்பிட்டார்.

“ராணி, நீ எவ்வளவு போட்டனி?”

மறைத்துப் பயனில்லை. “ஒரு பிடி அக்கா.”

பரமேஸ்வரி மாமி தலையைக் குனிந்துகொண்டு, “நானும் பங்கருக்கை வைச்சு ஒரு பிடி போட்டனான் பிள்ளை. மாப்பெட்டி பக்கத்திலை கிடந்தது, கை சும்மா இருக்கேல்லை,” என்றார்.

அன்னம் அக்கா கூரையைப் பார்த்தார். “நான் ரவை ஒரு பிடி,” என்றார்.

“அக்கா! பலகாரத்திலை விளையாடக் கூடாது எண்டு சொன்னது நீங்களெல்லோ?”

“அது உங்களுக்குச் சொன்னது. எனக்கில்லை,” என்று சொல்லிவிட்டு, அந்த உருண்டையை எடுத்துப் படியில் தட்டினார். படியில்தான் சிறு வெள்ளை அடையாளம் விழுந்தது. “கோழிக்கும் போடேலாது,” என்றார். நாங்கள் மூவரும் வயிறு நோகச் சிரித்தோம். ஆனாலும் மூன்று பிடிக்கு இவ்வளவு கல்லாகாதே என்று அவர் முணுமுணுத்துக்கொண்டது நினைவிருக்கிறது. தவமணி அக்காவைப் பற்றி எனக்கு அன்று வந்த எண்ணம் இதுதான்: வாய் பெரிது, ஆனால் பாவம், குறி சகுனம் என்று எதையும் நம்புகிற அப்பாவி மனிசி.

உருண்டையை வாசுகி கேட்டு வாங்கிக்கொண்டாள். தொண்ணூற்றைந்தில் இராணுவம் யாழ்ப்பாணத்துக்குள் வர, எல்லோரும் வீடுகளை விட்டு நடந்தபோது, அவளுடைய பைக்குள் பிள்ளையின் உடுப்போடு அதுவும் இருந்தது. அன்னம் அக்காவை அந்த வழியில்தான் கடைசியாகப் பார்த்தேன். கொண்டையில் ஈர்க்கு இருந்தது. கொஞ்ச நாளில் சாவகச்சேரியில் காய்ச்சலில் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். அவரிடம் ஒரு நாளாவது நேரில் நன்றி சொல்லாமல் விட்டது எனக்குப் பெரிய கவலை. சொல்லியிருந்தால், போடி விசரி என்றிருப்பார்.

இந்தக் கதையைப் பிரியாவிடை விருந்தில் சொல்லி முடித்தபோது, பின் வரிசையிலிருந்து சிவம் எழும்பினார். அவரும் வாசுகியும் தவமணி அக்காவும் இப்போது ரொறன்ரோவில்தான். மூவரையும் நான்தான் அழைத்திருந்தேன். சட்டைப் பையிலிருந்து அந்த உருண்டையை எடுத்து மேசையில் வைத்தார். கறுத்து, மினுங்கி, பழையபடியே இருந்தது.

“இவவுக்குக் கோவம் வந்தால் எடுத்து எறியிறது இதைத்தான் ராணி அக்கா,” என்றார். “எங்கடை வீட்டுச் சுவர் முழுக்க ஓட்டை. இது மட்டும் இன்னும் உடையேல்லை.”

“நான் குறி பார்த்து எறிஞ்சிருந்தால் சுவரிலையே பட்டிருக்கும்?” என்றாள் வாசுகி.

எல்லோரும் சிரித்தார்கள். கேள்வி கேட்ட மின்தராசுப் பிள்ளை உருண்டையைத் தூக்கிக் கையில் பாரம் பார்த்தாள். “மூண்டு பிடி மாவுக்கு இவ்வளவு இறுக்கமோ அக்கா?” என்று கேட்டாள்.

முன் வரிசையில் ஊன்றுகோலோடு இருந்த தவமணி அக்கா அவளிடமிருந்து அதை வாங்கினார். இப்போது அவருக்கும் அந்தக் கிழவிகளைப் போலக் கறுப்புச் சட்டக் கண்ணாடி. கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு, உருண்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அந்த நேரம் தம்பி மூண்டு நாளாச் சோறு தின்னேல்லை,” என்றார் ஒருவரையும் பார்க்காமல். “கிழவியளை ஆர் சமாளிக்கிறது? நீ என்ரை கையிலை மாப்பெட்டியைத் தந்திட்டாய். பங்கர் வேறை நல்ல இருட்டு.”

நான் விரல் மடக்கித் திரும்ப எண்ணினேன்: நான், மாமி, அன்னம் அக்கா.

“நாலு பிடி, ராணி,” என்றார் தவமணி அக்கா. “என்ரை கை கொஞ்சம் பெரிய கை.”